வாத்துப் பட்டியும் வைரஸ் கணக்கும்



தை மாசம் சம்பா அறுவடை முடிஞ்சதும் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போற பஸ்ஸில் ஜன்னல் ஓரமா உட்கார்ந்தா ஒரு காட்சி கண்ணில் படும். திருவிடைமருதூர், ஆடுதுறை தாண்டும்போது தாள் மட்டும் மிஞ்சிய வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துகள் குனிந்த தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருக்கும். ஓரத்தில் ஒருத்தர் நீளமான கழியோடு நிற்பார். சாயங்காலம் ஆனால் வலை கட்டி அடைப்பார். அதுதான் வாத்துப் பட்டி. நாலைந்து நாளில் அந்த வயல் தீர்ந்ததும் பட்டி அடுத்த ஊருக்கு நகரும்.

பொறியியல் பார்வையில் இது அருமையான ஏற்பாடு. அறுவடையில் உதிர்ந்த நெல்லும், நத்தையும், பூச்சியும் வாத்துக்குத் தீனி. வாத்து எச்சம் வயலுக்கு உரம். முட்டை மேய்ப்பவருக்கு வருமானம். எதுவும் வீணாவது இல்லை. ஆனால் இதே ஏற்பாட்டை ஒரு வைரஸின் கண்ணால் பார்த்தால் அது ஒரு நெட்வொர்க். ஊருக்கு ஊர் நகரும் நோடு, அவற்றை இணைக்கும் தண்ணீர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் புது பறவைகள், புது மனிதர்கள். இந்த இதழில் நாம் படிக்கப்போவது இந்த நெட்வொர்க்கைப் பற்றித்தான்: பறவைக் காய்ச்சல் எப்படி ஓர் உயிரினத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது, நம்ம டெல்டாவுக்கு இதில் என்ன இருக்கு, நாம என்ன செய்யலாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிடுறோம். திருவிடைமருதூரில் நோய் வந்துடுச்சுன்னு பயமுறுத்துற கட்டுரை இல்லை இது. அந்த மாதிரி ஃபார்வர்டு மெசேஜ் ஏற்கெனவே நிறைய சுத்துது. வருவதற்கு முன்னால் கணக்கைப் புரிந்துகொள்வதுதான் நோக்கம்.

1. யார் இந்த வைரஸ்?

இன்ஃப்ளூயன்சா ஏ என்ற குடும்பம். அதன் மேற்பரப்பில் இரண்டு முக்கியப் புரதங்கள் உண்டு. ஒன்று எச், அதாவது ஹீமக்ளுட்டினின். இது செல்லுக்குள் நுழைய உதவும். இன்னொன்று என், அதாவது நியூராமினிடேஸ். இது புதிதாக உருவான வைரஸ்கள் செல்லைவிட்டுப் பிரிந்து போக உதவும். பறவைகளிடம் எச் வகை 16, என் வகை 9 நெடுங்காலமாக அறியப்பட்டவை. எச்5என்1, எச்5என்8, எச்9என்2 என்று செய்தியில் வரும் பெயர்கள் எல்லாம் இந்த எண்களின் சேர்க்கைதான்.

இவற்றின் இயல்பான வீடு காட்டு நீர்ப்பறவைகள். அவற்றின் குடலில் பெரும்பாலான வகைகள் சத்தமில்லாமல் வாழும், பெரிதாக நோய் தராது. சிக்கல் எப்போது? எச்5, எச்7 வகைகள் நெருக்கமாக அடைத்து வளர்க்கும் கோழிகளுக்குள் புகுந்து சுற்றும்போது. ஹீமக்ளுட்டினின் வேலை செய்ய அதை ஓரிடத்தில் வெட்டிவிட ஒரு நொதி வேண்டும். சாதாரண வகையை வெட்டும் நொதி சுவாசக் குழாயிலும் குடலிலும் மட்டும்தான் இருக்கு. அந்த வெட்டுமிடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், உடம்பில் எல்லா உறுப்பிலும் இருக்கும் ஃபியூரின் என்ற நொதியே அதை வெட்டிவிடும். அப்புறம் மூளை, இதயம், கணையம் என்று எங்கேயும் பெருகலாம். இதைத்தான் அதிதீவிர வகை என்கிறார்கள். ஒரே இரவில் பண்ணை காலியாவது இதனால்தான்.

இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் எச்5என்1 வம்சத்தின் ஆரம்பம் 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு வளர்ப்பு வாத்தினப் பறவையிடம், அதாவது பெருவாத்திடம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருஷமே, 1997-இல், ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அந்த டிசம்பர் இறுதியில் ஹாங்காங் அரசு சுமார் 15 லட்சம் கோழிகளைச் சில நாட்களில் அழித்தது. பறவைக் காய்ச்சல் நேரடியாக மனிதரைக் கொல்லும் என்று உலகம் பாடம் படித்தது அப்போதுதான்.

2. நம்ம நாட்டுக்கு வந்த கதை

இந்தியாவில் முதல் எச்5என்1 பரவல் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில் உறுதியானது. நோய் அங்கே, அடி நாமக்கல்லுக்கு. நாடு முழுக்க முட்டை, கறி விலை சரிந்தது. நோய் வராத இடத்திலும் பயம் வந்து சேர்ந்துவிடும் என்பது அன்று தெரிந்தது.

டெல்டாக்காரர்களான நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய ஊர் பக்கத்தில் இருக்கு: கேரளாவின் குட்டநாடு. கடல் மட்டத்துக்கும் கீழே நெல் வயல், எங்கும் தண்ணீர், அறுவடைக்குப் பின் வாத்து மேய்ச்சல். 2014 நவம்பரில் ஆலப்புழா, கோட்டயம், பத்தனம்திட்டா மாவட்டங்களின் வாத்துகளில் எச்5என்1. 2016-இல் எச்5என்8. 2021 ஜனவரி தொடக்கத்தில் ஆலப்புழாவின் நெடுமுடி, கருவாற்றா, தகழி, பள்ளிப்பாடு, கோட்டயத்தின் நீண்டூர் ஆகிய இடங்களில் மறுபடி எச்5என்8. 2024 ஏப்ரலில் எடத்துவாவிலும் செறுதனாவிலும் எச்5என்1. ஒவ்வொரு முறையும் தமிழ்நாடு எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளித்து, கோழி, வாத்து, முட்டை வரத்தை நிறுத்தியது. வாளையாறில் லாரி டயருக்கு மருந்து அடிக்கும் படத்தை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீங்க.

மனிதர்கள்? 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எச்5என்1 தொற்றால் இறந்தான். இந்தியாவில் பதிவான முதல் எச்5என்1 மனித மரணம் அது. 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் கோழிப் பண்ணைகள் பாதிக்கப்பட்டன. மார்ச்சில் அதே மாநிலத்தின் பல்நாடு மாவட்டத்தில் 2 வயதுக் குழந்தை எச்5என்1-ஆல் இறந்தது. 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே வைரஸால் செத்தன. கோழியிலிருந்து புலிக்கு! தாவுதல் என்றால் இதுதான்.

3. பூட்டு மாறினால் சாவி மாறணும்

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய, செல்லின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிக்க வேண்டும். இந்தச் சர்க்கரை அடியில் உள்ள மூலக்கூறோடு இரண்டு விதமாக இணைந்திருக்கும். பறவைக் குடலில் ஒரு விதம். நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இன்னொரு விதம். உங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, பறவை வைரஸிடம் இருப்பது பழைய போன் சார்ஜர். நம்ம மூக்கில் இருப்பது டைப்-சி. சொருகாது.

ஆனால் நுரையீரலின் ஆழத்தில், காற்றுப் பைகளுக்குப் பக்கத்தில், பறவை வகைச் சர்க்கரையும் நம்மிடம் இருக்கு. அதனால்தான் ரெண்டு விஷயம் ஒன்றாக நடக்குது. அதிக அளவு வைரஸ் ஆழமாக உள்ளே போனால் கடுமையான நிமோனியா வருது. அதே சமயம் அது மூக்கில், தொண்டையில் பெருகாததால் இருமல் தும்மல் வழியாக அடுத்தவருக்குச் சுலபமாகப் போறதில்லை. 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்த எச்5என்1 மனிதத் தொற்றுகள் 900-க்கும் மேல். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் சிக்கியிருக்க மாட்டார்கள் என்பதால் உண்மையான விகிதம் குறைவாக இருக்கலாம். இருந்தாலும் சின்ன எண் இல்லை.

இரண்டாவது தடை வெப்பநிலை. பறவை உடம்பு 41, 42 டிகிரி. நம்ம மூக்கு 33 டிகிரி பக்கம். பறவைக்குள் வேகமாக ஓடும் வைரஸின் நகலெடுக்கும் நொதி நம்ம மூக்கில் திணறும். பி.பி.2 என்ற புரதத்தின் 627-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் அந்தத் திணறல் பெரிதும் குறைகிறது. பாலூட்டிகளைத் தொற்றிய எச்5என்1 மாதிரிகளில் ஆய்வாளர்கள் முதலில் தேடும் மாற்றங்களில் இதுவும் ஒன்று.

4. பிழை திருத்தாத நகல் இயந்திரம்

மாற்றம் எங்கிருந்து வருது? இந்த வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. சுமார் 13,500 எழுத்து. அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் வசதி கிடையாது. பேரிட்டி பிட் இல்லாமல் டேட்டா அனுப்புற மாதிரி. லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை என்று தோராயமாக வைத்துக்கொண்டால், ஏழெட்டு நகலுக்கு ஒன்றில் எங்கேயோ ஓர் எழுத்து மாறியிருக்கும். ஒரு செல் ஆயிரக்கணக்கில் நகல் எடுக்கிறது. ஒரு வாத்துக்குள் எத்தனை செல், ஒரு பட்டியில் எத்தனை வாத்து என்று நீங்களே பெருக்கிப் பாருங்க. பெரும்பாலான பிழை உதவாத பிழை. ஆனால் சீட்டு வாங்கிக்கொண்டே இருந்தால் என்றாவது ஒரு நாள் பரிசு விழும்.

இன்னொரு வழி இதைவிட வேகம். இந்த மரபுப்பொருள் ஒரே சரமாக இல்லை. 8 துண்டுகளாக இருக்கு. ஒரே செல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வைரஸ் ஒரே நேரத்தில் நுழைந்தால், வெளியே வரும் குட்டிகள் ஒவ்வொரு துண்டையும் இருவரில் யாரிடமிருந்தும் எடுக்கலாம். 2-இன் 8-ஆம் அடுக்கு, 256 சேர்க்கை. இரண்டு பெற்றோரைக் கழித்தால் 254 புது ஆட்கள். 1957-இலும் 1968-இலும் உலகைச் சுற்றிய ஃப்ளூ கொள்ளைநோய்கள் இப்படிப் பறவைத் துண்டுகள் மனித ஃப்ளூவோடு கலந்து பிறந்தவைதான். பன்றிகளைப் பற்றி விஞ்ஞானிகள் கவலைப்படுவதும் இதனால்தான். அவற்றின் சுவாசக் குழாயில் இரண்டு வகைச் சர்க்கரையும் உண்டு. இப்போது கம்போடியாவில், அதுவும் நெல் விளையும் நாடுதான், 2023 முதல் மறுபடி மனிதர்களைத் தொற்றிவரும் எச்5என்1-இல் இரண்டு கிளைகளின் துண்டுகள் கலந்திருக்கின்றன.

2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டபோது பலரும் நம்பவில்லை. மாட்டின் மடியில் பறவை வகைச் சர்க்கரை இருப்பது பிறகு தெரிந்தது. அந்தக் காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. மாட்டுப் பண்ணையிலும் கோழிப் பண்ணையிலும் வேலை செய்தவர்களில் பலருக்குக் கண் சிவந்து தொற்று வந்தது. இது மாட்டுக்கு வராது என்று யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை என்பது பாடம்.

5. ஒன்றுக்குக் கீழே ஓர் எண்

இப்போ நம்ம ஏரியா. கணக்கு.

தொற்று வந்த ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பதை ஆர் என்று வைப்போம். அடுத்த சுற்றின் நோயாளிகள், இந்தச் சுற்றின் நோயாளிகளை ஆர்-ஆல் பெருக்கினால் கிடைக்கும். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது பழகிய சமன்பாடு: ஒற்றை போல் உள்ள சிஸ்டம். போல் அலகு வட்டத்துக்குள் இருந்தால் அடங்கும், வெளியே போனால் வெடிக்கும். பறவைக் காய்ச்சல் மனிதர்களிடம் இதுவரை வட்டத்துக்குள்தான் இருக்கு. ஆர் ஒன்றுக்கு ரொம்பக் கீழே.

அப்போ நிம்மதியா தூங்கலாமா? இங்கேதான் பலரும் சறுக்குறாங்க. ஒரு பறவையிலிருந்து ஒரு மனிதருக்குத் தாவியதும் உருவாகும் சங்கிலியின் சராசரி நீளம் என்ன? 1 + ஆர் + ஆர் வர்க்கம் + … என்ற பெருக்குத் தொடர். விடை 1/(1−ஆர்). ஆர் 0.2 என்றால் 1.25 பேர். 0.5 என்றால் 2 பேர். 0.9 என்றால் 10 பேர். 0.99 என்றால் 100 பேர். ஒன்றைத் தாண்டவே இல்லை, ஆனாலும் எண் எப்படி ஏறுது பாருங்க. சங்கிலியில் ஒவ்வொரு புது மனிதரும் வைரஸுக்கு மனித உடம்பில் பயிற்சி எடுக்கக் கிடைக்கும் இன்னொரு வாய்ப்பு. பயிற்சி எடுக்க எடுக்க ஆர் ஏறலாம். ஆர் ஏறினால் சங்கிலி நீளும். நீண்டால் இன்னும் பயிற்சி. ஃபீட்பேக் லூப்.

ஒரு வருஷத்தில் நடக்கும் தாவல்களின் எண்ணிக்கை என் என்று வைத்தால், மொத்த மனித வாய்ப்புகள் என்/(1−ஆர்). பகுதியில் உள்ள ஆர், வைரஸின் குணம்; நாம் பெரிதாகக் கட்டுப்படுத்த முடியாது. தொகுதியில் உள்ள என், நம் கையில் இருப்பது. செத்த கோழியை வெறுங்கையால் தூக்குவது, நோயுற்ற வாத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி வீட்டில் உரிப்பது, இறந்த பறவையை வாய்க்காலில் எறிவது, இவை ஒவ்வொன்றும் என்-ஐ ஒன்று கூட்டுகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைக்கணும்னா இதை வையுங்க: ஆரைக் குறைக்க ஆய்வுக்கூடம் வேணும், என்னைக் குறைக்க ஊர் போதும்.

6. டெல்டாவின் நாட்காட்டி

ஏன் குறிப்பா நெல் பூமி? தாய்லாந்து பதில் சொல்லியிருக்கு. 2004-இல் அங்கே எச்5என்1 பரவியபோது எந்த இடங்களில் அதிகம் என்று மாரியஸ் கில்பர்ட் தலைமையிலான ஆய்வாளர்கள் வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான முடிவு: பரவலோடு வலுவாகப் பொருந்தியது அறுவடை வயல்களில் திறந்தவெளியில் மேயும் வாத்துகள். ஒரு வருஷத்தில் பலமுறை நெல் விளையும் தாழ்நிலம் எங்கேயோ அங்கே வாத்து. வாத்து எங்கேயோ அங்கே வைரஸ். காரணம் எளிது. பல வகை எச்5என்1 கோழியைக் கொல்லும். வாத்தைக் கொல்லாமல் அதன் எச்சத்தில் நாள்கணக்கில் வெளியேறும். பார்க்க ஆரோக்கியமா இருக்கும் பறவை ஊர் ஊராகச் சுமந்துகொண்டு போகும். சில வகை வாத்தையும் கொல்லும் என்பதைக் குட்டநாடு காட்டியது. தாய்லாந்தில் 2004 முதல் 2006 வரை 25 பேருக்குத் தொற்றி 17 பேர் இறந்தார்கள். வாத்துகளின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தி, வீடு வீடாகத் தேடிய பிறகு அந்த அலை அடங்கியது.

இதை நம்ம நாட்காட்டி மேல் வைத்துப் பாருங்க. வலசைப் பறவைகள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை தமிழ்நாட்டில். கோடியக்கரை இருக்கு, திருவாரூர் மாவட்டத்தில் வடுவூர் ஏரி இருக்கு, இரண்டும் ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள். வடகிழக்குப் பருவமழையில் குளமும் வாய்க்காலும் நிறைந்திருக்கும். மார்கழி, தையில் குளிர். சம்பா அறுவடை தை, மாசியில். அப்போதுதான் வாத்துப் பட்டி வயலுக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி பறவை எச்சத்தில் எச்5என்1 வைரஸ் 4 டிகிரியில் குறைந்தது 35 நாள் தாங்கும். 37 டிகிரியில் 6 நாள். நம்ம சித்திரை வெயில் வைரஸுக்கு எதிரி. தையின் ஈரமும் குளிரும் அவ்வளவு எதிரி இல்லை. வலசைப் பறவை, தண்ணீர், குளிர், மேய்ச்சல் வாத்து, கொல்லைப்புற நாட்டுக்கோழி, பொங்கல் கூட்டம் எல்லாம் ஒரே எட்டு வாரத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுது. ஆபத்தின் ஜன்னல் அதுதான்.

7. முதல் இரவு

இப்போ உண்மையான கேள்விக்கு வருவோம். ஒருத்தரிடம் 1,000 வாத்து. கடன் வாங்கிக் குஞ்சு வாங்கியது. ஒரு ராத்திரி 20 வாத்து சாகுது. அவர் முன்னால் மூணு வழி. ஒன்று, விடிவதற்குள் பட்டியை வேறு ஊருக்கு நகர்த்துவது. இரண்டு, மிச்சத்தைக் கிடைத்த விலைக்கு விற்பது. மூன்று, கால்நடை மருத்துவருக்குச் சொல்வது. முதல் இரண்டும் நெட்வொர்க்கில் வைரஸைத் தள்ளிவிடுகிற வழி. ஆனால் அவர் மனசுக்கு முதலில் தோன்றுவதும் அவைதான். அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. சொன்னால் மொத்தமும் போயிடுமே என்பது அவர் பயம்.

நோய் உறுதியானால் நம் நாட்டு நடைமுறை: நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் பறவைகளை அழிப்பது, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பது. இழப்பீட்டை ஒன்றிய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்ளும். இழப்பீட்டின் அடிப்படை, அழிக்கப்படும் பறவை. 2021-இல் கேரளா அறிவித்தது இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் கீழே 100 ரூபாய். அந்த விலையை வைத்து ஒரு கணக்கு: முதல் நாளே சொல்லி 980 வாத்து கணக்கில் வந்தால் 1,96,000 ரூபாய். ஒரு வாரம் மறைத்து 600 செத்து 400 மிஞ்சினால் 80,000. சீக்கிரம் சொன்னவருக்குத்தான் லாபம் என்று விதி அமைந்திருக்கு. ஆனால் அந்தப் பணம் எப்போ வரும், முட்டை வருமானம் நின்ற மாதங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு நம்பிக்கை தரும் பதில் இருந்தால்தான் விதி வேலை செய்யும். விரைவான இழப்பீடு என்பது கருணை இல்லை. அது நோய்த் தடுப்பு உள்கட்டமைப்பு. சென்சாருக்குப் பேட்டரி போடுற மாதிரி.

இன்னொரு குழப்பம், வாத்தோ கோழியோ செத்தாலே பறவைக் காய்ச்சல் இல்லை. நாட்டுக்கோழி கூட்டமாகச் சாவதற்கு நம்ம ஊரில் வழக்கமான காரணம் வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். மனிதருக்கு அது பெரும்பாலும் கண் எரிச்சலுக்கு மேல் எதுவும் செய்யாது. அதற்குத் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்குது. வாத்துக்கு டக் பிளேக், டக் காலரா உண்டு. இதனாலேயே ஆபத்தும் இருக்கு: கழிச்சல்தானே என்று எல்லாச் சாவையும் ஒரே பெயரில் ஒதுக்கிவிடுவோம். தடுப்பூசி போட்ட கோழியும் திடீர்னு கூட்டமாச் செத்தால், கொண்டை நீலமானால், தலை வீங்கினால், வாத்தின் கண்ணில் வெள்ளைப் படலம் விழுந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தால், முட்டை சட்டென்று குறைந்தால், அது பரிசோதிக்க வேண்டிய சாவு. பார்த்துச் சொல்ல முடியாது. மாதிரி எடுத்துப் போபாலில் உள்ள தேசிய அதிஉயர் பாதுகாப்பு கால்நடை நோய் ஆய்வு நிறுவனம் வரை போய்த்தான் உறுதியாகும். தஞ்சை மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்குப் பெரிய பலம்.

8. நாம என்ன செய்யலாம்?

வீட்டில் கோழி வளர்க்கிறவங்க நம்மில் பாதிப் பேர். அதனால் முதலில் வீட்டுக்கு:

செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீங்க. வேற வழியே இல்லைன்னா கையில் பிளாஸ்டிக் பை, முகத்தில் மாஸ்க், அப்புறம் சோப்பு. வாய்க்காலில், காவிரியில், குப்பைமேட்டில் எறியாதீங்க. நாய், பூனை, காக்காய்க்குப் போடாதீங்க.

1962-க்குப் போன் பண்ணுங்க. கால்நடை அவசர ஊர்தி எண். இல்லைன்னா பக்கத்துக் கால்நடை மருந்தகம். நோய்ச் சாவைத் தெரிவிப்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளரின் கடமையும்கூட.

நாட்டுக்கோழித் தீனியையும் தண்ணியையும் கூரைக்குக் கீழே வையுங்க. வாத்தும் கோழியும் ஒரே தொட்டியில் குடிக்க வேண்டாம். புதுசா வாங்கின பறவையை இரண்டு வாரம் தனியா வையுங்க.

முட்டை, கறி சாப்பிடலாமா? தாராளமா. உள்ளே வரை 70 டிகிரி சூடு ஏறினால் வைரஸ் செத்துடும். நம்ம குழம்பு கொதிக்கும் சூடு அதைவிட ரொம்ப அதிகம். ஆபத்து தட்டில் இல்லை, உரிக்கும் இடத்தில். பச்சைக் கறி வெட்டின கத்தியில் வெங்காயம் நறுக்காதீங்க. ஆஃப் பாயிலைக் கொஞ்ச நாள் மறந்துடுங்க.

நோயுற்ற பறவையோடு பழகிய யாருக்காவது பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தா, டாக்டர்கிட்ட பறவை விஷயத்தை மறக்காம சொல்லுங்க. ஓசல்டாமிவிர் மாத்திரை இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்லா வேலை செய்யும். டாக்டருக்கு நீங்க சொல்லாத தகவலை எந்த டெஸ்ட்டும் சொல்லாது.

அடுத்தது, பொறியாளரா நாம. ப்ராஜெக்ட் தலைப்பு தேடுற மூன்றாம் ஆண்டு நண்பர்களே, இதோ சில. பண்ணையில் தீனி, தண்ணீர் எடுக்கும் அளவு சாவுக்கு முன்னாலேயே குறையத் தொடங்கும். ஒரு ஃப்ளோ சென்சரும் எளிய எச்சரிக்கை வரம்பும் போதும். வாத்துப் பட்டி எந்த நாள் எந்த ஊரில் என்பதைத் தமிழில் குரல் பதிவாகச் சொன்னால் வரைபடத்தில் ஏற்றும் செயலி, இன்டர்நெட் இல்லாதபோதும் வேலை செய்யணும். தாய்லாந்து செய்த மாதிரி செயற்கைக்கோள் படத்தில் அறுவடை முடிந்த வயல்களைக் கண்டுபிடித்து, வாத்து அடுத்து எங்கே போகும் என்று கணிப்பது. ஆனால் ஒன்று: வாத்து மேய்ப்பவரைக் கண்காணிக்கும் கருவியாக அதை வடிவமைத்தால் முதல் நாளே போனை அணைத்துவிடுவார். அவருக்கு மேய்ச்சல் எங்கே கிடைக்கும், முட்டை விலை என்ன, தடுப்பூசி எப்போ என்று திருப்பித் தரும் கருவியாக இருந்தால் அவரே தகவல் தருவார்.

கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் முன்னால், நோயை முதலில் பார்ப்பது வயல் ஓரத்தில் கழியோடு நிற்கும் அந்த மனிதர்தான். அவர் அன்றைய காலை போனை எடுத்து எந்த எண்ணை அழுத்துகிறார், வியாபாரி எண்ணா, 1962-ஆ என்பதில் நம் கணக்கில் உள்ள என் கூடுவதா குறைவதா என்பது முடிவாகுது. இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டிலும், தெரிந்த வாத்துக்காரர்களிடமும் இதைப் பேசுங்க. அந்த எண்ணை அவங்க போனில் நீங்களே பதிவு பண்ணிக் கொடுத்துட்டு வாங்க.